931 ஆட்டங்களும் நம்முடைய அரைப்பேரும்



கலஹா, தெல்தோட்டை, ஹேவாஹெட்ட பக்கத்துத் தோட்டங்களுக்குச் சங்க வேலையாகப் போகிற ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு காட்சி எங்களுக்குப் பழகிப்போய்விட்டது. கோயிலுக்கும் ஃபெக்டரிக்கும் இடையில் கிடக்கிற சரிவான திடலில் பையன்கள் பந்து உதைக்கிறார்கள். ஒரு பக்கம் மேடு, மறுபக்கம் பள்ளம். பந்து தேயிலைக்குள் உருண்டு போனால் அதைத் தேடி எடுக்கும்வரை ஆட்டம் நிற்கும். பிள்ளைகளின் முதுகில் பேர் எழுதியிருக்கிறது: மெஸ்ஸி, ரொனால்டோ, எம்பாப்பே. எல்லாரும் கோல் அடிக்கிறவர்கள். பின்னால் நின்று கோலைத் தடுக்கிறவனின் பேரை ஒரு முதுகிலாவது நாங்கள் கண்டதில்லை.

அண்மையில் ஒரு கிளைக் கூட்டம் முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போது இருபது வயதுத் தம்பி ஒருவர் எங்களிடம் கேட்டார்: "அண்ணே, இங்கிலாந்துல பந்து விளையாடுறவனுக்கும் சங்கம் இருக்குன்னு யூடியூப்பில பார்த்தேன். கிழமைக்குக் கோடிக்கணக்கில சம்பளம் வாங்குறவனுக்கு என்னத்துக்குச் சங்கம்? நமக்குச் சங்கம் இருந்து மட்டும் என்னத்தைக் கிழிச்சோம்?"

தலைவர்மாருக்கு முகம் சுருங்கிவிட்டது. எங்களுக்குக் கோபம் வரவில்லை. கேள்வி இரண்டும் நல்ல கேள்விகள். முதல் கேள்விக்குப் பதில் தேடிப் படித்ததில் இரண்டாவது கேள்விக்கும் ஒரு பதில் கிடைத்தது. அது எங்களுக்கே கசப்பான பதில். அதனால்தான் கூட்டத்தில் வாயால் சொல்லி விட்டுவிடாமல் இங்கே எழுதுகிறோம்.

இங்கிலாந்தின் உதைபந்தாட்டம் ஒரு படிக்கட்டு. உச்சிப் படியில் பிரீமியர் லீக், 20 கழகங்கள். நம் பையன்கள் போனில் பார்ப்பது அதை மட்டும்தான். அதற்குக் கீழே மூன்று பிரிவுகளில் இன்னும் 72 கழகங்கள் இருக்கின்றன. அதற்கும் கீழே கணக்கில்லாமல் சிறு கழகங்கள். கோடி வாங்குகிறவன் உச்சிப் படியில் இருக்கிறான். மற்றப் படிகளில் நிற்கிறவர்களுக்கு ஓர் ஆண்டு, இரண்டு ஆண்டு ஒப்பந்தம். ஒவ்வொரு மே மாதமும் கழகம் ஒரு பட்டியல் போடும்: இன்னாரை வைத்துக்கொள்கிறோம், இன்னாரை விட்டுவிடுகிறோம் என்று. விட்டுவிட்டால் ஜூன் 30-உடன் ஒப்பந்தம் முடிந்துவிடும். நாம் பேர் வெட்டு என்கிறோமே, அதுதான். வித்தியாசம் என்னவென்றால் அங்கே அது வருடா வருடம் வரும்.

அந்தப் படிகளில் வாழ்நாளைக் கழித்த ஒருவரின் கதையைச் சொல்கிறோம். பேர் டொனி ஃபோர்ட். நம்மில் யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். 1959-இல் கிரிம்ஸ்பி என்ற மீன்பிடித் துறைமுகத்தில் பிறந்தவர். 1975 ஒக்டோபரில், 16 வயதில், அந்த ஊர்க் கழகத்துக்காக மாற்று ஆளாக இறங்கினார். (கிரிம்ஸ்பி கழகத்தின் மைதானம் கிரிம்ஸ்பியில் இல்லை, பக்கத்து ஊரில் இருக்கிறது. நம் தோட்டத்து வாசிகசாலை அடுத்த டிவிஷனில் இருப்பது போல.) இளமையில் வலது ஓரத்தில் ஓடி முன்னேறி ஆடியவர், வயது ஏற ஏறப் பின்னுக்கு வந்து வலது பின்களத்தில் நின்றார். கிரிம்ஸ்பியிலிருந்து சண்டர்லாந்துக்குக் கொஞ்ச நாள் இரவல். பிறகு ஸ்டோக். பிறகு வெஸ்ட் ப்ரோம்விச். மறுபடியும் கிரிம்ஸ்பி. பிராட்ஃபோர்டுக்கு இன்னொரு இரவல். ஸ்கந்தோர்ப். லீக்குக்கே வெளியே பரோ. மான்ஸ்ஃபீல்ட். கடைசியாக ரொச்டேல். இரவல் என்பது நாங்கள் இட்ட பேர் அல்ல. ஆளைக் கடனுக்குக் கொடுப்பது என்றுதான் அவர்களும் சொல்கிறார்கள்.

2001-இல் 42 வயதில் அவர் ஆட்டத்தை விட்டபோது கணக்குப் பார்த்தார்கள்: லீக் ஆட்டங்கள் மட்டும் 931. இங்கிலாந்து லீக்கின் வரலாற்றில் அதைவிட அதிகம் ஆடியவர் பீட்டர் ஷில்டன் ஒருவர்தான். அவர் கோல் காப்பாளர். களத்தில் ஓடி ஆடியவர்களில் ஃபோர்ட்தான் முதலாவது. அந்த 931-இல் ஒன்றுகூட உச்சிப் பிரிவில் இல்லை. இருபத்தாறு ஆண்டு உழைப்பு முழுவதும் இரண்டாம், மூன்றாம், நான்காம் பிரிவுகளில்.

அவர் ஆடிய ஊர்களைப் பாருங்கள். கிரிம்ஸ்பி மீன். ஸ்டோக் பீங்கான். ஸ்கந்தோர்ப் இரும்பாலை. மான்ஸ்ஃபீல்ட் நிலக்கரி. ரொச்டேல் பஞ்சாலை. அந்த ரொச்டேலில் 1844-இல் தொழிலாளர்கள் சேர்ந்து ஒரு கடை திறந்தார்கள். இன்றைய கூட்டுறவு இயக்கத்தின் தொடக்கமாக உலகம் அந்தக் கடையைத்தான் சொல்கிறது. நம் தோட்டக் கூட்டுறவுக் கடையின் பாட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை பின்னேரம் ஷிப்ட் முடிந்து வந்து நின்று பார்த்தவர்களுக்கு முன்னால் ஆடிய மனிதர் அவர்.

கண்டி என்றால் முரளி என்கிறோம். 1920-இல் தோட்டக் கூலியாக வந்தவரின் பேரன் 800 விக்கெட் எடுத்தார், நமக்கெல்லாம் பெருமை. அந்தப் பெருமையை யாரும் குறைக்க முடியாது. ஆனால் நூற்றுக்கு ஒருவன்கூட முரளி ஆக மாட்டான். ஆயிரத்துக்கு ஒருவனும் ஆக மாட்டான். மிச்சப் பேருக்கு என்ன வழி என்பதுதான் சங்கத்தின் கேள்வி. வேல்ஸில் பிறந்த ஈழத் தமிழ்ப் பிள்ளை விமல் யோகநாதன் இப்போது பார்ன்ஸ்லி கழகத்துக்காக லீக்கில் ஆடியிருக்கிறார் என்று நம் பிள்ளைகள் சந்தோஷமாகப் பகிர்ந்துகொள்கிறார்கள். அந்தப் பிள்ளை உச்சிக்குப் போகட்டும் என்றே நாங்களும் விரும்புகிறோம். போனாலும் போகாவிட்டாலும் அவருக்கு ஒரு சங்கம் இருக்கிறது. அதைத்தான் இனிச் சொல்லப்போகிறோம்.

நம் பாட்டன்மாருக்குத் துண்டு தெரியும். ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் துரை கையெழுத்திட்ட சீட்டு வேண்டும். கங்காணியிடம் பட்ட கடன் அதில் எழுதியிருக்கும். புதுத் தோட்டம் அந்தக் கடனைக் கட்டி ஆளை எடுக்கும். துண்டு இல்லாமல் நடந்தவன் எங்கே போனாலும் வேலை கிடைக்காது. 1921-இல் சட்டம் போட்டுத் துண்டைத் தடுத்தார்கள். கடன் பிறகும் வேறு வேறு வடிவத்தில் நின்றது, அது தனிக் கதை.

இங்கிலாந்து ஆட்டக்காரனுக்கும் ஒரு துண்டு இருந்தது. 1893-இலிருந்து. ஒரு கழகத்தில் பேர் பதிந்துவிட்டால், ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் கழகம் விட்டால்தான் வேறு கழகத்துக்கு ஆட முடியும். கழகம் விடவில்லை, புது ஒப்பந்தமும் பிடிக்கவில்லை என்றால் வீட்டில் இருக்க வேண்டியதுதான், சம்பளமும் கிடையாது. புதுக் கழகம் பழைய கழகத்துக்குப் பணம் கட்டி ஆளை எடுக்கும். பணம் கழகத்துக்கு, ஆளுக்கு அல்ல. அதற்கு மேல் 1901-இலிருந்து சம்பளத்துக்கு உச்ச வரம்பு: கிழமைக்கு 4 பவுண். எவ்வளவு பெரிய ஆட்டக்காரனானாலும் அவ்வளவுதான்.

1907 டிசம்பரில் மன்செஸ்டரில் ஒரு ஹோட்டலில் கூடிச் சங்கம் அமைத்தார்கள். முன்னுக்கு நின்றவர் பில்லி மெரடித் என்ற பேர்பெற்ற ஆட்டக்காரர். இரண்டாண்டில் உதைபந்தாட்டச் சபை உத்தரவு போட்டது: சங்கத்தை விட்டு விலகு, இல்லாவிட்டால் ஆட விடமாட்டோம். பலர் விலகினார்கள். மன்செஸ்டர் யுனைடெட் ஆட்கள் விலகவில்லை. தங்கள் தலைவர் சார்லி ரொபர்ட்ஸுடன் உட்கார்ந்து, முன்னால் ஒரு பலகை வைத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். ஒதுக்கப்பட்டவர்களின் கழகம், 1909 என்று அந்தப் பலகையில் எழுதியிருந்தது. பேர் வெட்டப்பட்ட காலத்தில் நம் ஆட்கள் லயத்து வாசலில் நின்று எடுத்த படங்கள் சில சங்கக் காரியாலயத்தில் இருக்கின்றன. அந்த முகங்களும் இந்த முகங்களும் ஒரே மாதிரி இருக்கும்.

1912-இல் கிங்கபி என்ற ஆட்டக்காரருக்காகச் சங்கம் வழக்குப் போட்டுத் தோற்றது. செலவில் சங்கமே படுத்துவிடும் போலிருந்தது. அதன்பிறகு 51 வருடம். 1959-இல் நியூகாசில் கழகத்தில் ஜோர்ஜ் ஈஸ்ட்ஹாம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மறுத்தார். கழகம் கொடுத்த வீடு குடியிருக்க லாயக்கில்லை என்பது அவர் சொன்ன குறைகளில் ஒன்று. லயக் காம்பராவில் இருந்துகொண்டு இதை வாசிக்கிறவர்களுக்கு நாங்கள் விளக்க வேண்டியதில்லை. கழகம் விடவில்லை. அவர் தெற்கே போய்த் தக்கை விற்கும் கம்பனியில் வேலை செய்து வயிற்றைக் கழுவினார். 1960-இல் ஒருவழியாக ஆர்சனலுக்கு விட்டார்கள். அவருடைய காரியம் முடிந்தது. ஆனால் சங்கம் வழக்கை விடவில்லை, ஈஸ்ட்ஹாமும் விடவில்லை. 1963 ஜூலை 4-ஆம் திகதி நீதிபதி வில்பர்ஃபோர்ஸ் தீர்ப்புச் சொன்னார்: ஒப்பந்தம் முடிந்த ஆளைப் பிடித்து வைத்திருக்கும் விதி நியாயமற்றது. அடிமை வியாபாரத்தை ஒழிக்கப் போராடினாரே வில்லியம் வில்பர்ஃபோர்ஸ், அவருடைய வழித்தோன்றல்தான் இந்த நீதிபதி. இதைப் படித்தபோது எங்களுக்கு ஒரு சிரிப்பு வந்தது. நம் துண்டு சட்டப்படி போய் 42 வருடம் கழித்துத்தான் அவர்களின் துண்டு கிழிந்தது.

அவர்கள் பட்டினி கிடக்கவில்லை, சவுக்கடி வாங்கவில்லை என்பது எங்களுக்குத் தெரியும். நம் பாட்டன் பாட்டியின் துன்பத்தோடு இதைச் சமப்படுத்த வரவில்லை. பூட்டு ஒரே மாதிரியானது என்றுதான் சொல்கிறோம்.

சம்பள வரம்பு அதற்கு முன்பே, 1961 ஜனவரியில் போனது. அப்போது வரம்பு 20 பவுண். வேலைநிறுத்தத்துக்கு நாள் குறித்தாயிற்று. அதை ஒட்டி மன்செஸ்டரில் நடந்த ஆட்டக்காரர் கூட்டமொன்றைப் பற்றிய கதை அங்கே இன்றும் சொல்லப்படுகிறது. கீழ்ப் பிரிவு இளைஞர் ஒருவர் எழுந்தார். என் அப்பா நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்கிறார், அவருக்குக் கிடைப்பது இதில் பாதி, ஆகவே நாம் வாங்குவது போதும், வேலைநிறுத்தம் வேண்டாம் என்ற கருத்தில் பேசினார். சபை மௌனமாகிவிட்டது. தொழிலாளியின் பிள்ளை தொழிலாளியின் கஷ்டத்தை எடுத்துச் சொன்னால் யார் மறுத்துப் பேசுவது?

மறுத்துப் பேசியவர் டொமி பேங்ஸ். போல்டன் கழகத்தின் இடது பின்கள வீரர். அவரே சுரங்கத்தில் வேலை செய்தவர். உன் அப்பாவின் வேலை எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும், நானும் அங்கே இறங்கியிருக்கிறேன் என்று தொடங்கினாராம். ஆனால் அவர் கரி வெட்டுவதைப் பார்க்க 30,000 பேர் காசு கொடுத்து வருவதில்லையே என்றாராம். சனிக்கிழமை வந்து ஸ்டான்லி மத்தியூஸை ஒருநாள் தடுத்து நிற்கச் சொல் என்றும் சேர்த்துக்கொண்டாராம். மத்தியூஸ் அந்தக் காலத்தில் பின்கள வீரர்களை நடுங்க வைத்த ஆள். கூட்டம் வேலைநிறுத்தத்தின் பக்கம் திரும்பியது.

அந்த இளைஞர் சொன்னது போல நம்மிடமும் சொல்கிறார்கள் அல்லவா? "வெளியில கூலி வேலை செய்றவனுக்கு இதுகூடக் கிடைக்கல, உங்களுக்கு வீடு இருக்கு, பிள்ளைக் காம்பரா இருக்கு, போதாதா?" நம்மைவிடக் குறைவாக வாங்குகிறவனைக் காட்டி நம் வாயை அடைப்பது பழைய வித்தை. பேங்ஸ் கொடுத்த பதிலை நம் மாதர் தலைவிகள் மனப்பாடம் செய்து வைக்கலாம். பேங்ஸ் அதே 1961-இல் போல்டனை விட்டுச் சிறிய கழகமொன்றுக்குப் போனார். ஆட்டம் முடிந்தபின் கட்டட வேலையில் செங்கல் சுமந்து பிழைத்தார். வரம்பு நீங்கியதால் வந்த பெரிய பணம் அவர் கைக்கு வரவில்லை.

இங்கே ஒரு கசப்பையும் சொல்ல வேண்டும். வரம்பு போனதும் உச்சியில் இருந்தவன் சம்பளம் கிழமைக்கு 100 பவுணுக்குத் தாவியது. கீழ்ப் பிரிவுப் பின்கள வீரனுக்கு அப்படி ஒன்றும் நடக்கவில்லை. வென்றது எல்லாரும், பலன் மேலே ஏறிவிட்டது. பிறகு தொலைக்காட்சிப் பணம் வந்து இடைவெளி மலையாகிவிட்டது. ஒரே சங்கத்தில் கோடீஸ்வரனும் அடுத்த மாத வாடகைக்கு யோசிக்கிறவனும் இருந்தால் அந்தச் சங்கம் எத்தனை நாளைக்கு?

2001-இல் அதற்குச் சோதனை வந்தது. தொலைக்காட்சிப் பணத்திலிருந்து சங்கத்துக்கு வரும் பங்கை லீக் நிர்வாகங்கள் குறைக்கப் பார்த்தன. அந்தப் பங்கு உச்சியில் இருந்தவனுக்குத் தேவைப்படாத பணம். காலொடிந்தவனின் சிகிச்சை, ஆட்டம் முடிந்தவனின் படிப்பு, கஷ்டப்பட்ட பழைய ஆட்டக்காரனுக்கு உதவி, இவற்றுக்குப் போகிற பணம். சங்கம் வாக்கெடுப்பு வைத்தது. வேலைநிறுத்தத்துக்கு ஆதரவு நூற்றுக்கு 99. பிரீமியர் லீக் நட்சத்திரங்களும் வாக்களித்தார்கள். நவம்பரில் நிர்வாகங்கள் இறங்கி வந்து உடன்பாடு செய்தன. டொனி ஃபோர்ட் தன் 931-ஐ முடித்துக்கொண்ட அதே ஆண்டு அது.

தம்பியின் முதல் கேள்விக்கு இதுதான் எங்கள் பதில். கோடி வாங்குகிறவனுக்காக அந்தச் சங்கம் இல்லை. கோடி வாங்குகிறவன் நான்காம் பிரிவுப் பின்கள வீரனுக்காக வேலையை நிறுத்தத் தயாராக இருந்தான், அதனால்தான் அது சங்கமாக இருக்கிறது.

பின்கள வீரனின் உடம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. உயரத்தில் வரும் பந்தைத் தலையால் முட்டி வெளியே அனுப்புவது அவன் வேலை, ஆட்டத்திலும் பயிற்சியிலும் ஆண்டுக் கணக்காக. 2002-இல் ஜெஃப் ஆஸ்டல் என்ற பழைய ஆட்டக்காரர் மூளை சிதைந்து இறந்தபோது மரண விசாரணை அதிகாரி அதைத் தொழில் நோய் என்று எழுதினார். அவர் முன்கள வீரர். பிறகு கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தார் பழைய ஸ்கொட்லாந்து ஆட்டக்காரர்களை ஆராய்ந்தார்கள். மூளை சிதையும் நோய்கள் மற்றவர்களைவிட அவர்களுக்கு அதிகம் என்று 2019-இல் கண்டார்கள். 2021-இல் இடம் இடமாகப் பிரித்துப் பார்த்தபோது எல்லாரையும்விட மோசம் பின்கள வீரர்களுக்கு: சாதாரண ஆட்களைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு. அந்த நோயைத் தொழில் நோயாக ஏற்று உதவி கொடுங்கள் என்று வீரர்களின் குடும்பங்கள் போராடுகின்றன. குளவி கொட்டி ஆஸ்பத்திரியில் கிடந்த நாளுக்குப் பேர் போடுவார்களா மாட்டார்களா என்று சண்டை பிடித்த அக்காமாருக்கு, கூடை சுமந்து கழுத்தும் இடுப்பும் போன அம்மாமாருக்கு, இது அந்நியக் கதை அல்ல.

பெரி என்ற கழகத்தின் கதை இன்னும் கிட்டத்தில் வரும். 1885-இல் தொடங்கிய கழகம். 2019 வசந்தத்தில் அதன் ஆட்டக்காரர்கள் நான்காம் பிரிவில் இரண்டாம் இடம் பிடித்து மேலே ஏறினார்கள். அந்த நேரத்தில் அவர்களுக்குச் சம்பளம் ஒழுங்காக வந்துகொண்டிருக்கவில்லை. சம்பளம் இல்லாமல் ஆடி வென்றார்கள். ஓகஸ்டில் கழகம் லீக்கிலிருந்தே நீக்கப்பட்டது. பருவம் தொடங்கிவிட்ட நேரத்தில் ஆட்டக்காரர்கள் தெருவில். எங்கள் பகுதியிலும் இப்படி ஒன்று நடந்தது. சம்பளத்தில் ஈ.பி.எஃப் என்று பிடித்தார்கள், நிதியத்துக்கு அனுப்பவில்லை. ஓய்வு பெற்றுப் பத்திரத்தை நிரப்பிக்கொண்டு போனபோதுதான் எங்கள் ஆட்களுக்குத் தெரிந்தது. கொழுந்து எடை ஒருநாளும் குறையவில்லை, அவர்களின் கணக்கில்தான் ஓட்டை.

இப்போது தம்பியின் இரண்டாவது கேள்வி. நமக்குச் சங்கம் இருந்து என்ன கிடைத்தது?

நிறையக் கிடைத்தது என்று சொல்ல எங்களுக்கு வாய் வரும். முல்லோயாவில் 1940 ஜனவரியில் கோவிந்தன் சுடப்பட்டு இறந்தாரே, அந்த மலை இங்கிருந்து தொலைவில் இல்லை. அந்த இரத்தத்தின் மேல் நின்றுதான் இன்று நாம் துரைக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து பேசுகிறோம். 1,000 ரூபாவுக்கு 2015-இலிருந்து கத்தினோம், 2021 மார்ச்சில் சம்பளச் சபை மூலம் வந்தது. 2024-இல் 1,350. தாமதம், குறைவு, ஆனாலும் வந்தது.

யாருக்கு வந்தது என்று கேட்டால்தான் எங்கள் தலை குனிகிறது. செக்ரோலில் பேர் உள்ளவருக்கு வந்தது. நம் சந்தா செக்ரோல் சம்பளத்தில் கழிபட்டு வருகிறது. ஆகவே செக்ரோலில் இல்லாதவர் துரையின் கணக்கில் இல்லாதது போலவே எங்கள் கணக்கிலும் இல்லை. கைக்காசுக்குக் கொழுந்து பறிக்கிற பெண்கள், ஓய்வு பெற்றபின் கிலோவுக்கு இவ்வளவு என்று மலைக்கு வருகிற பாட்டிமார், கண்டி டவுனில் கடையில் நிற்கிற பையன்கள், கட்டட வேலைக்குப் போய்க் கிழமைக்கு ஒருமுறை லயத்துக்கு வருகிறவர்கள் எல்லாரும் நம் வீட்டுப் பிள்ளைகள், நம் கோயில் திருவிழாவுக்கு வரி கட்டுகிறவர்கள். சங்கத்தில் மட்டும் அவர்களுக்கு இடமில்லை. இப்போது அவுட்குரோவர் முறை வேறு வருகிறது. தேயிலைத் துண்டைப் பிரித்துக் கொடுத்து, நீ இனி தொழிலாளி இல்லை, பங்காளி என்கிறார்கள். பங்காளிக்கு ஈ.பி.எஃப் கிடையாது, நட்டம் மட்டும் உண்டு.

ஃபோர்ட் 26 வருடத்தில் இரண்டாம் பிரிவிலிருந்து நான்காம் பிரிவுக்கு இறங்கினார், லீக்குக்கு வெளியேயும் போய் வந்தார். அவர் எந்தப் பிரிவில் ஆடினாலும் அந்தப் பிரிவுக்கும் அதே சங்கம்தான் பேசியது. நம் ஆள் செக்ரோலிலிருந்து கைக்காசுக்கு இறங்கிய அன்றே சங்கத்துக்கும் வெளியே போய்விடுகிறார். முழுப்பேர் போட்டவரும் அரைப்பேர் போட்டவரும் ஒரே மலையில்தான் நிற்கிறார்கள். பேரே இல்லாதவரும் பக்கத்து நிரையில் நிற்கிறார்.

சட்டம் நம்மைவிட விசாலமானது என்பதை எத்தனை தலைவர்மார் அறிவார்கள்? 1958-ஆம் ஆண்டின் 15-ஆம் இலக்க ஈ.பி.எஃப் சட்டம் நிரந்தரத் தொழிலாளிக்கு மட்டும் போட்டதல்ல. தற்காலிகமாக வேலை செய்கிறவர், நாட்கூலி, கிலோக் கணக்கில் கூலி வாங்குகிறவர் எல்லாரும் அதற்குள் வருகிறார்கள். தொழிலாளியிடமிருந்து 8 வீதம், முதலாளியிடமிருந்து 12 வீதம். ஈ.டி.எஃப் 3 வீதம் முதலாளியின் தலையில், தொழிலாளியிடம் பிடிக்கவே கூடாது. கைக்காசுக்குப் பறிக்கிற அக்காவுக்கு இது கட்டப்படவில்லை என்றால் தொழில் காரியாலயத்தில் முறைப்பாடு கொடுக்கலாம். கடையில் நிற்கிற பையனும் கொடுக்கலாம். இதுவரை நாங்கள் எத்தனை பேருக்கு அப்படி முறைப்பாடு எழுதிக் கொடுத்தோம்? ஒரு கை விரலே மிச்சம்.

ஆகவே கண்டிப் பகுதிச் செயற்குழுவுக்கு நாங்கள் ஒரு தீர்மானம் கொண்டுவருகிறோம். ஒவ்வொரு கிளையிலும் இரண்டாவது அங்கத்தவர் புத்தகம் ஒன்று திறக்க வேண்டும். செக்ரோலில் இல்லாதவர், தோட்டத்தில் குடியிருந்து வெளியில் வேலை செய்கிறவர், யாரானாலும் அதில் பேர் பதியலாம். சந்தாவைக் கையில் வாங்கி ரசீது கொடுப்பது, தொகை செக்ரோல் சந்தாவில் பாதி. புத்தகம் மாதர் தலைவியிடம் இருக்க வேண்டும், ஏனென்றால் யார் எங்கே எத்தனை கிலோ பறித்தார் என்பது அவருக்குத்தான் தெரியும். அங்கத்தவர் ஒருவருக்கு ஈ.பி.எஃப் கட்டவில்லை என்றால் முறைப்பாடு எழுதுவது கிளைச் செயலாளரின் வேலை.

எதிர்ப்பு வரும். சில தலைவர்மார் இப்போதே சொல்கிறார்கள்: வெளியாளைச் சேர்த்தால் நம் சக்தி கரையும், நம் சந்தாவில் அவனுக்கு வழக்காடுவதா? முதியவர்கள் சொல்வதை நாங்கள் தள்ளிவிடவில்லை. சங்கத்தின் கையில் காசு குறைவு, வழக்கறிஞருக்குக் கொடுக்க வருடக் கடைசியில் திண்டாடுகிறோம். ஆனால் செக்ரோல் வருடா வருடம் சுருங்குகிறது. சுருங்குகிற புத்தகத்தை மட்டும் கையில் பிடித்துக்கொண்டிருந்தால் கடைசியில் சங்கத் தலைவரும் பேர் வெட்டப்பட்டவராகத்தான் இருப்பார். நூற்றுக்கு 99 வாக்களித்த அந்த ஆட்டக்காரர்களில் பலருக்கும் நான்காம் பிரிவு ஆள் பேர் தெரியாத ஆள்தான்.

இதை எழுதி முடித்தபின் கேள்வி கேட்ட தம்பியை மறுபடியும் கண்டோம். திடலில் பின்வரிசையில் நிற்கிறவர் அவர்தான் என்று அன்றுதான் தெரிந்தது. முதுகில் யார் பேரும் இல்லை, பழைய பள்ளிக்கூட பெனியன். திங்கள் முதல் சனி வரை கண்டி டவுனில் துணிக்கடையில் வேலை, அங்கே ஈ.பி.எஃப் என்ற பேச்சே இல்லையாம். புத்தகம் திறந்தால் முதல் பேர் உங்களுடையதா என்று கேட்டோம்.

"முதல்ல தீர்மானத்தைப் பாஸ் பண்ணுங்க அண்ணே, பிறகு பேசுவோம்" என்று சொல்லிவிட்டுத் தேயிலைக்குள் விழுந்த பந்தை எடுக்கப் போய்விட்டார்.